முதல் விருப்பம் யாருடையது? – அமெரிக்கக் கல்லூரிகளில் முன்விண்ணப்பத்தின் வரலாறு

அமெரிக்காவில் பள்ளியிறுதி வகுப்பில் பிள்ளைகள் படிக்கும் வீடுகளில் செப்டம்பரும் அக்டோபரும் அமைதியாகக் கழிவதில்லை. நவம்பர் தொடக்கத்துக்குள் ஒரு கேள்விக்கு விடை கண்டாக வேண்டும்: முன்கூட்டியே விண்ணப்பிக்க எந்தக் கல்லூரியைத் தேர்ந்துகொள்வது? மதிப்பெண் வரிசையில் இடம் ஒதுக்கும் முறைக்குப் பழகியவர்களுக்கு இக்கேள்வியின் கனம் உடனே விளங்காது. நான்கைந்து கல்லூரிகளுக்கு விண்ணப்பித்துவிட்டு, இடம் தந்தவற்றுள் நல்லதை எடுத்துக்கொண்டால் போயிற்று என்றுதான் தோன்றும். ஆனால் அந்நாட்டின் பெயர்பெற்ற தனியார் கல்லூரிகள் பலவும் தம் முதலாண்டு இடங்களில் பாதியளவை முன்விண்ணப்பம் செய்தவர்களைக் கொண்டே நிரப்பிவிடுகின்றன. காத்திருந்து ஜனவரியில் விண்ணப்பிப்பவர், எஞ்சிய பாதிக்காகவே போட்டியிடுகிறார்.

முன்விண்ணப்பத்தில் இரு வகைகள் உண்டு. 'எர்லி டிசிஷன்' எனப்படுவது கட்டுள்ளது. மாணவர் ஒரே ஒரு கல்லூரிக்கு இம்முறையில் விண்ணப்பிக்கலாம். இடம் கிடைத்தால் அங்கேயே சேர்வதாகவும், மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெறுவதாகவும் எழுதிக் கொடுக்க வேண்டும். பெற்றோரும் பள்ளி ஆலோசகரும் உடன் கையொப்பமிடுவர். டிசம்பர் நடுவில் முடிவு தெரிந்துவிடும். 'எர்லி ஆக்‌ஷன்' கட்டற்றது. முடிவு முன்பே தெரியும். ஆயினும் சேர்வதா வேண்டாமா என்று மே முதல் தேதிவரை யோசிக்கலாம். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு கலப்பு முறையும் உண்டு. சேர வேண்டிய கட்டாயமில்லை, ஆனால் வேறொரு தனியார் கல்லூரிக்கு முன்விண்ணப்பம் செய்யக் கூடாது என்பது அதன் விதி. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்டு ஆகியவை இக்கலப்பு முறையைக் கைக்கொள்கின்றன.

வடிவம் எதுவாயினும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: உன் முதல் விருப்பம் எது? மாணவரின் மனத்தை அறியும் ஆவலில் எழுந்த கேள்வி போலவே இது ஒலிக்கிறது. வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், இது கல்லூரிகளின் அச்சத்திலிருந்து பிறந்த கேள்வி என்பது புலனாகும். அந்த அச்சம் படிப்படியாகப் பதினேழு வயதுப் பிள்ளைகளின் தோளுக்கு மாற்றப்பட்ட கதையையே இங்கே சொல்ல முயல்கிறேன்.

வருவார்களா என்ற கவலை இல்லாத காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒவ்வொரு கல்லூரியும் தனக்கெனத் தனி நுழைவுத் தேர்வை நடத்தியது. லத்தீனும் கிரேக்கமும் கணிதமும் அறிந்தவர் தேறினார். தேறியவருக்கு இடம் இருந்தது. கல்லூரிக்குக் கல்லூரி பாடங்கள் வேறுபட்டதால் பள்ளிகள்தாம் திண்டாடின. இதைச் சீர்செய்ய 1900-இல் கல்லூரி நுழைவுத் தேர்வு வாரியம் உருவானது. 1901 ஜூனில் நடந்த அதன் முதல் தேர்வை எழுதியவர்கள் 973 பேர். இன்று எஸ்ஏடி தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு இவ்வாரியமே.

தேறியவருக்கு இடம் என்ற எளிய விதி 1920-களில் குலைந்தது. அதற்கான காரணம் பெருமைப்படத்தக்கதன்று. தேர்வில் சிறந்து விளங்கிய யூத மாணவர்களின் எண்ணிக்கை கிழக்குக் கரைக் கல்லூரிகளில் உயர்ந்தது. ஹார்வர்டின் தலைவராயிருந்த லாரன்ஸ் லோவெல், 1922-இல் அவர்களுக்கு ஒரு வரம்பு கட்ட முயன்றார். எதிர்ப்பு எழுந்தது, வெளிப்படையான வரம்பு கைவிடப்பட்டது. ஆனால் அதே நோக்கம் வேறு வழிகளில் நிறைவேறியது. விண்ணப்பத்துடன் புகைப்படம், நேர்காணல், பரிந்துரைக் கடிதம், 'குணநலன்' பற்றிய மதிப்பீடு ஆகியவை அளவுகோல்களாயின. இந்த வரலாற்றைச் சமூகவியலாளர் ஜெரோம் காரபெல் 2005-இல் வெளிவந்த 'தி சோசன்' என்னும் நூலில் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்.

நம் கதைக்கு வேண்டிய இழை இதுதான்: விருப்புரிமை. மதிப்பெண் மட்டுமே தீர்மானிக்கும் இடத்தில், "இவர் வருவாரா, வேறெங்காவது போய்விடுவாரா?" என்ற கேள்விக்கு வேலையில்லை. யாரை எடுப்பது என்பதைத் தன் மனம்போல் முடிவு செய்யும் உரிமை கல்லூரியிடம் வந்து சேர்ந்த பிறகே, அந்தக் கேள்வியையும் ஓர் அளவுகோலாக்க முடிந்தது. ஒரு சிறுபான்மையினரை வெளியே நிறுத்தத் திறந்த கதவு, பின்னாளில் வேறு பல பயன்களுக்கும் உதவியது.

மகசூல்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலைமை தலைகீழானது. போரிலிருந்து திரும்பிய வீரர்களின் கல்விச் செலவை 1944-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி அரசு ஏற்றது. கல்லூரிக் கல்வியை நாடுவோர் பெருகினர். தாம் வளர்ந்த ஊரை விட்டு வெகுதொலைவிலுள்ள கல்லூரிகளுக்கும் மாணவர்கள் விண்ணப்பித்தனர். இடம் கிடைக்குமோ என்ற ஐயத்தால் ஒரே மாணவர் மூன்று, நான்கு கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் வழக்கமும் பரவியது.

இதன் மறுபக்கத்தில் கல்லூரிகளுக்கு ஒரு புதிய தலைவலி. ஆயிரம் இடங்கள் உள்ள கல்லூரி ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுத்தால் நானூறு பேர்தான் வருவார்கள். ஏனையோர் வேறிடம் போய்விடுவார்கள். இரண்டாயிரத்து ஐந்நூறு பேரைத் தேர்ந்தெடுத்து, அவ்வாண்டு பார்த்து எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வந்துவிட்டால் விடுதியில் படுக்க இடமிருக்காது. இடம் தரப்பட்டவர்களில் உண்மையில் வந்து சேர்வோரின் விகிதத்துக்கு அங்குள்ள சேர்க்கை அலுவலகங்களில் 'யீல்டு' என்று பெயர். உழவர் வயலில் கணக்கிடும் மகசூலைக் குறிக்கும் அதே சொல். வானம் பார்த்த பூமியின் உழவரைப் போலவே சேர்க்கை அதிகாரிகளும் ஒவ்வொரு வசந்தத்திலும் கவலையோடு காத்திருந்தனர்.

கவலையைத் தீர்க்க இரு வழிகள் கண்டனர். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆகிய மூன்றும் 1950-களில் 'ஏ-பி-சி' முறையைக் கையாண்டன. தமக்குக் காலங்காலமாக மாணவர்களை அனுப்பிவந்த தேர்ந்த சில பள்ளிகளுக்கு அதிகாரிகள் நேரில் சென்றனர். மாணவர்களைப் பார்த்துப் பேசி, ஒவ்வொருவருக்கும் ஓர் எழுத்தைக் கொடுத்தனர். 'ஏ' என்றால் இடம் ஏறக்குறைய உறுதி. 'பி' என்றால் கிடைக்கலாம். 'சி' என்றால் வேறிடம் பார்ப்பது நல்லது. தன் எழுத்தை முன்கூட்டியே அறிந்த மாணவர் வீணாகப் பல கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கவில்லை. கல்லூரிக்கும் தன் மகசூல் தெரிந்தது. வசதிமிக்க விடுதிப் பள்ளிகளுக்கு மட்டும் கிடைத்த சலுகை இது. சாதாரண அரசுப் பள்ளி மாணவருக்கு இப்படி ஓர் எழுத்து இருப்பதே தெரியாது.

இன்னொரு வழியைச் சிறிய கல்லூரிகள் கண்டன. ஆமர்ஸ்ட், வில்லியம்ஸ் போன்ற ஆண்கள் கல்லூரிகளும், 'ஏழு சகோதரிகள்' என்றழைக்கப்பட்ட வெல்லெஸ்லி, ஸ்மித், வாசர் முதலிய பெண்கள் கல்லூரிகளும் 1950-களின் பிற்பகுதியில் கட்டுள்ள முன்விண்ணப்பத்தை நடைமுறைப்படுத்தின. மூன்று பெரிய கல்லூரிகளின் நிழலில் இருந்த இவற்றுக்கு, "எங்களை மட்டுமே விரும்புகிறேன்" என்று எழுதிக் கொடுக்கும் மாணவர் பெரும் ஆறுதலாக இருந்தார். மாணவருக்கும் பயன் இருந்தது: பல விண்ணப்பங்கள் எழுதும் உழைப்பும் மாதக்கணக்கில் காத்திருக்கும் பதற்றமும் மிச்சம். தொடக்கத்தில் இது இரு தரப்புக்கும் நியாயமான ஏற்பாடாகவே இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

இதே சிக்கலைக் கணித அறிஞர்களும் கவனித்தனர். டேவிட் கேல், லாயிட் ஷாப்லி இருவரும் 1962-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரை, கல்லூரிச் சேர்க்கையைத்தான் தன் முதல் எடுத்துக்காட்டாகக் கொண்டது. விண்ணப்பதாரரிடம் அவருடைய விருப்ப வரிசையைக் கேட்டாலும் பயனில்லை என்று அவர்கள் சுட்டினர். தன்னை மூன்றாவதாக வைத்திருக்கிறார் என்று தெரிந்தால் கல்லூரி இடம் மறுக்கக்கூடும் என்று அவர் அஞ்சுவது இயல்புதானே? உண்மையைச் சொல்வது ஆபத்தாகும் இடத்தில் உண்மையான விருப்பம் வெளிப்படாது. அரை நூற்றாண்டுக்குப் பின், 2012-இல், ஷாப்லிக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் சுட்டிய சிக்கலோ கல்லூரி வாசலில் அப்படியே நின்றது.

உதவித்தொகை சமமாக இருந்தபோது

இவ்விடத்தில், முன்விண்ணப்பத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கவனிக்காத ஓர் இணைவரலாற்றைப் பார்க்க வேண்டும்.

ஐவி லீக் எனப்படும் எட்டுக் கல்லூரிகளும் எம்ஐடியும் 1950-களின் இறுதியிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் வசந்தத்தில் ஒன்றுகூடின. ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் இடம் பெற்ற மாணவர்களின் பட்டியலை எடுத்துவைத்து, அவர்களுள் ஒவ்வொருவருடைய குடும்பமும் எவ்வளவு செலுத்த முடியும் என்பதை ஒப்பிட்டுப் பொதுவாக ஒரு முடிவுக்கு வந்தன. 'ஓவர்லாப்' குழு என்று இதற்குப் பெயர். பணத்தைக் காட்டி மாணவரை இழுக்கும் போட்டி வேண்டாம், உதவித்தொகை தேவைக்கு ஏற்பவே அமையட்டும் என்பது அவை கூறிய நியாயம். விளைவாக, ஒரு மாணவர் யேலுக்குப் போனாலும் பிரின்ஸ்டனுக்குப் போனாலும் அவர் குடும்பம் கொடுக்க வேண்டிய தொகை ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது.

அமெரிக்க நீதித்துறை இதை வேறு விதமாகப் பார்த்தது. விலையை ஒருவருக்கொருவர் பேசி வைத்துக்கொள்வது வணிகப் போட்டியைத் தடுக்கும் குற்றமாயிற்றே! 1991 மே மாதம் ஒன்பது நிறுவனங்கள்மீதும் வழக்குத் தொடுக்கப்பட்டது. ஐவி லீக் கல்லூரிகள் எட்டும் இனி இவ்வாறு கூடுவதில்லை என்று ஒப்புக்கொண்டு விலகின. எம்ஐடி மட்டும் நின்று வழக்காடியது. கீழ் நீதிமன்றத்தில் தோற்று, 1993-இல் மேல்முறையீட்டில் மறுவிசாரணைக்கு வழி கண்டு, அவ்வாண்டின் இறுதியில் அரசுடன் சமரசம் செய்துகொண்டது. 1994-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வரம்புக்குட்பட்ட ஒத்துழைப்புக்கு இடமளித்தது. தனித்தனி மாணவருக்கான தொகையைக் கூடிப் பேசும் பழைய வழக்கம் மட்டும் மீளவில்லை. அந்தச் சட்டவிலக்கும் 2022-இல் காலாவதியானது.

விளைவைக் கவனியுங்கள். உதவித்தொகை எங்கும் ஒன்றாக இருந்த காலத்தில், ஒரு கல்லூரிக்கு மட்டும் உறுதி கொடுப்பதால் மாணவர் பணத்தில் பெரிதாக எதையும் இழக்கவில்லை. 1991-க்குப் பிறகு கல்லூரிக்குக் கல்லூரி தொகை வேறுபடத் தொடங்கியது. நான்கு கல்லூரிகளின் கடிதங்களையும் மேசைமேல் பரப்பி ஒப்பிடுவது இப்போது ஆயிரக்கணக்கான டாலர் பெறுமானமுள்ள செயலாகிவிட்டது. சரியாக இந்தப் பத்தாண்டில்தான் கட்டுள்ள முன்விண்ணப்பம் காட்டுத்தீயாகப் பரவியது. ஒப்பிடுவதால் பயன் விளையத் தொடங்கிய வேளையில், ஒப்பிடும் வாய்ப்பைத் துறந்தவருக்கே இடம் எளிதாயிற்று. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. வரலாற்றில் பல அநீதிகள் அவ்வாறே நிகழ்கின்றன.

தரவரிசையின் காலம்

பரவலுக்கு வேறு இரண்டு காரணங்களும் இருந்தன. போருக்குப் பிந்தைய பிறப்புப் பெருக்கத்தில் பிறந்தவர்களில் பெரும்பாலோர் 1970-களின் இறுதிக்குள் பள்ளியை விட்டு வெளியேறிவிட்டனர். அதன்பின் 1990-களின் தொடக்கம்வரை பள்ளி முடிப்போரின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. காலி இடங்களைக் கண்டு அஞ்சிய கல்லூரிகள் சேர்க்கையை ஒரு விற்பனைக் கலையாகவே பயின்றன. டிசம்பரிலேயே பாதி வகுப்பை நிரப்பிவிடும் கல்லூரி மீதிக் குளிர்காலத்தை நிம்மதியாகக் கழிக்கலாம்.

இரண்டாவது காரணம், 'யு.எஸ். நியூஸ்' வார இதழ் 1983-இல் தொடங்கிய தரவரிசை. எத்தனை சதவீத விண்ணப்பதாரர்களை ஒரு கல்லூரி ஏற்கிறது, ஏற்கப்பட்டவர்களில் எத்தனை சதவீதத்தினர் சேர்கிறார்கள் என்பவை இத்தரவரிசையின் கணக்கில் இடம்பெற்றன. குறைவாக ஏற்று நிறைவாகச் சேர்க்கும் கல்லூரி மேலே ஏறும். இங்கேதான் கட்டுள்ள முன்விண்ணப்பம் ஒரு மந்திரக்கோலாயிற்று.

எளிய கணக்கொன்று போட்டுப் பார்க்கலாம். பத்தாயிரம் விண்ணப்பங்கள், ஆயிரம் இடங்கள், மகசூல் நாற்பது சதவீதம் என்று கொள்வோம். இடங்களை நிரப்ப 2500 பேரை ஏற்க வேண்டும். அதாவது நான்கில் ஒருவரை. இப்போது ஐந்நூறு இடங்களைக் கட்டுள்ள முறையில் நிரப்புவோம். இவர்கள் அனைவரும் வந்தே தீர வேண்டியவர்கள். எஞ்சிய ஐந்நூறு இடங்களுக்கு 1250 பேரை ஏற்றால் போதும். மொத்தம் ஏற்கப்பட்டவர்கள் 1750 பேர்தான். ஏற்பு விகிதம் 25-இலிருந்து 17.5 சதவீதமாக இறங்கிவிட்டது. மகசூலோ 40-இலிருந்து 57 சதவீதமாக ஏறிவிட்டது. ஒரு நல்ல பேராசிரியரைக்கூடப் புதிதாக நியமிக்காமல், நூலகத்தில் ஒரு நூலைக்கூடச் சேர்க்காமல், கல்லூரி முன்னைவிட மேம்பட்டதாகத் தோற்றமளிக்கிறது.

1970-களின் நடுவில் பழைய ஏ-பி-சி முறையை விட்டுக் கட்டற்ற முன்விண்ணப்பத்துக்கு மாறியிருந்த யேலும் பிரின்ஸ்டனும், 1995-இல் கட்டுள்ள முறையை அறிவித்தன. ஸ்டான்ஃபோர்டும் அதே வழியில் சென்றது. பெரியவர்களே இறங்கியபின் மற்றவர்கள் கரையில் நிற்பார்களா? தரவரிசைக் கணக்கிலிருந்து மகசூலை அவ்விதழ் 2003-இல் நீக்கிவிட்டது. அதற்குள் பழக்கம் வேரூன்றிவிட்டது.

ஒரு கை தட்டினால்

2001 செப்டம்பரில் 'தி அட்லான்டிக்' இதழில் ஜேம்ஸ் ஃபாலோஸ் எழுதிய நீண்ட கட்டுரை, இம்முறையை ஒரு மோசடி வியாபாரமாகவே சித்திரித்தது. அவ்வாண்டு டிசம்பரில் யேல் பல்கலைக்கழகத் தலைவர் ரிச்சர்ட் லெவின், எல்லாரும் சேர்ந்து கைவிட்டால் நல்லது என்ற கருத்தை வெளிப்படையாகச் சொன்னார். இந்த 'எல்லாரும் சேர்ந்து' என்பதில்தான் முடிச்சு இருந்தது. தனியே கைவிடும் கல்லூரி தன் மாணவர்களைப் போட்டியாளரிடம் இழக்கும். கூடிப் பேசிக் கைவிட்டாலோ 1991-இல் வந்ததுபோல் இன்னொரு வழக்கு வரக்கூடும். மாணவர்களுக்கு நன்மை செய்யக்கூடச் சேர்ந்து நிற்க முடியாத இடத்தில் சட்டம் அவர்களைக் கொண்டு நிறுத்தியிருந்தது.

ஆயினும் சிலர் தனியே நடந்தனர். 2002-இல் வட கரோலினா பல்கலைக்கழகம் கட்டுள்ள முறையைக் கைவிட்டது. அவ்வாண்டு நவம்பரில் யேலும் ஸ்டான்ஃபோர்டும் மேலே சொன்ன கலப்பு முறைக்கு மாறுவதாக அறிவித்தன. ஹார்வர்டும் அதையே பின்பற்றியது. 2003-இல் கிறிஸ்டோஃபர் ஏவரி, ஆண்ட்ரூ ஃபேர்பாங்க்ஸ், ரிச்சர்ட் செக்ஹாசர் ஆகிய மூவர் எழுதிய 'தி எர்லி அட்மிஷன்ஸ் கேம்' வெளிவந்தது. தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் பதினான்கு கல்லூரிகளின் விண்ணப்பங்களை ஆராய்ந்து அவர்கள் கண்ட முடிவு பலரையும் உலுக்கியது. முன்விண்ணப்பம் செய்வதால் மட்டுமே கிடைக்கும் அனுகூலம், அன்றைய 1600 மதிப்பெண் எஸ்ஏடி தேர்வில் சுமார் 100 மதிப்பெண் கூடுதலாகப் பெறுவதற்கு ஈடானது. விளையாட்டு வீரர்களும் பழைய மாணவர்களின் பிள்ளைகளும் அதிகம் முன்விண்ணப்பம் செய்வதால்தான் ஏற்பு விகிதம் உயர்வாகத் தெரிகிறது என்று கல்லூரிகள் சொல்லிவந்தன. அவற்றையெல்லாம் கழித்த பிறகும் இந்த அனுகூலம் எஞ்சியது. நூறு மதிப்பெண்ணைத் தேதியில் சம்பாதிக்கலாம் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. நல்ல ஆலோசகர் இல்லாத பள்ளிகளின் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.

2006 செப்டம்பர் 12 அன்று ஹார்வர்டு ஒரு துணிச்சலான முடிவை அறிவித்தது. இடைக்காலத் தலைவராயிருந்த டெரெக் பாக், முன்விண்ணப்ப முறை வசதியுள்ளவர்களுக்கே மேலும் வசதி செய்கிறது என்று கூறி, அடுத்த ஆண்டிலிருந்து அதை முற்றாக நீக்குவதாகச் சொன்னார். ஒரு வாரத்துக்குள் பிரின்ஸ்டன் தொடர்ந்தது. மாத இறுதிக்குள் வர்ஜீனியா பல்கலைக்கழகமும் இணைந்தது. முன்விண்ணப்பங்களைப் படிக்க வேண்டிய நவம்பர் மாதம் இவற்றின் அதிகாரிகளுக்கு ஓய்வாகக் கிடைத்தது. மூன்று நிறுவனங்களும் சேர்ந்து ஊர் ஊராகச் சென்று, தம்மிடம் விண்ணப்பிக்க எண்ணியே பார்க்காத மாணவர்களைச் சந்தித்தன.

மற்றவை வரவில்லை. யேல், ஸ்டான்ஃபோர்டு, பென்சில்வேனியா, கொலம்பியா எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒரு கை தட்டி ஓசை எழாது என்பதை ஐந்தாண்டுகள் உணர்த்தின. வர்ஜீனியா 2010 நவம்பரில் கட்டற்ற முன்விண்ணப்பத்துக்குத் திரும்பியது. 2011 பிப்ரவரி 24 அன்று ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் ஒரே நாளில் கலப்பு முறையில் முன்விண்ணப்பத்தை மீட்டன. வர்ஜீனியா 2019-இல் கட்டுள்ள முறையையே மீண்டும் அறிமுகம் செய்தது. உலகிலேயே மிகப் பெரிய அறக்கட்டளை நிதியை வைத்திருக்கும் பல்கலைக்கழகத்தாலும் தனியே விலகி நிற்க முடியவில்லை என்றால், மற்றவற்றைக் குறை சொல்வதில் பொருளில்லை.

அதன்பின் நிகழ்ந்தவை விரைவாக: 2019-இல் நீதித்துறையின் அழுத்தத்தால், கல்லூரிச் சேர்க்கை ஆலோசகர்களின் தேசியச் சங்கம் தன் நெறிமுறைகளிலிருந்து சில விதிகளை நீக்கியது. கட்டுள்ள முறையில் வருவோருக்குத் தனிச் சலுகைகள் தரக்கூடாது என்பது அவற்றுள் ஒன்று. 2023-இல் இனத்தைச் சேர்க்கையில் கருதக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், வேறு வழிகளில் சமத்துவத்தைத் தேடிய வர்ஜீனியா டெக் கட்டுள்ள முறையைக் கைவிட்டது. 2025 ஆகஸ்டில் கட்டுள்ள முன்விண்ணப்பமே போட்டிக்கு எதிரான கூட்டுச்சதி என்று கூறி, முப்பதுக்கும் மேற்பட்ட கல்லூரிகள்மீது மாணவர்கள் வழக்குத் தொடுத்தனர். கூடிக் கைவிடுவதைத் தடுத்த அதே சட்டம், இப்போது கூடிக் கடைப்பிடிப்பதையும் விசாரிக்கப் புறப்பட்டிருக்கிறது.

மருத்துவர்கள் கண்ட வழி

இந்நோய்க்கு மருந்தே இல்லையா? அமெரிக்க மருத்துவத் துறை இதே நோயில் விழுந்து எழுந்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், பயிற்சி மருத்துவர்களைப் பிடிக்க மருத்துவமனைகள் ஒன்றையொன்று முந்தின. 1940-களில் படிப்பு முடிய இரண்டாண்டுகள் இருக்கும்போதே பதவிகள் பேசி முடிக்கப்பட்டன. யார் சிறந்த மருத்துவராவார் என்று அப்போது எவருக்கும் தெரியாது. தேதியைக் கட்டுப்படுத்தியபோது நோய் வேறு உருவெடுத்தது: உடனே பதில் சொல், இல்லையேல் இடம் போயிற்று என்னும் தந்திகள் பறந்தன. இறுதியில் 1952-இல் ஒரு மையப் பொருத்த அமைப்பை உருவாக்கினர். மாணவர்கள் தம் விருப்ப வரிசையையும் மருத்துவமனைகள் தம் விருப்ப வரிசையையும் அதனிடம் கொடுத்தன. பொருத்தத்தை அமைப்பு கணக்கிட்டுச் சொன்னது. முந்துவதால் பயனில்லை என்றானதும் ஓட்டம் நின்றது. இவ்வமைப்பு பயன்படுத்திவந்த முறை, கேலும் ஷாப்லியும் 1962-இல் எழுதிய முறையை ஒத்ததே என்பதைப் பின்னாளில் ஆல்வின் ராத் காட்டினார். 2012-இன் நோபல் பரிசை ஷாப்லியுடன் பகிர்ந்தவர் அவரே.

கல்லூரிகள் இவ்வழியை ஏற்கவில்லை. ஒரே ஒரு மூலையில் மட்டும் இதன் சாயல் உண்டு. வருமானம் குறைந்த குடும்பங்களின் திறமையான மாணவர்களுக்காக 'குவெஸ்ட்பிரிட்ஜ்' என்ற தொண்டு நிறுவனம் நடத்தும் திட்டத்தில், மாணவர்கள் தம் விருப்பக் கல்லூரிகளை வரிசைப்படுத்தித் தருகிறார்கள். பொருந்தியவருக்கு நான்காண்டுச் செலவும் உதவித்தொகையாகவே கிடைக்கிறது. பெரும்பாலான கல்லூரிகளுக்கு இப்பொருத்தமும் கட்டுள்ளதே. ஆனால் செலவு என்னவென்று முன்பே தெரிந்து கொடுக்கும் வாக்குறுதி இது. கட்டுப்படுவதில் தீமை இல்லை. விலை தெரியாமல் கட்டுப்படுவதில்தான் தீமை என்பதை இவ்வொரு வேறுபாடே விளக்கிவிடுகிறது.

இலையுதிர்காலக் கேள்விக்கு

இவ்வரலாறு, இன்று தேர்ந்துகொள்ள வேண்டிய நிலையில் இருப்பவருக்கு என்ன சொல்கிறது?

முதலாவதாக, கட்டுள்ள முன்விண்ணப்பம் ஒரு பண்டமாற்று. மாணவர் தன் ஒப்பிடும் உரிமையைக் கொடுக்கிறார்; கல்லூரி கூடுதல் வாய்ப்பைக் கொடுக்கிறது. கொடுப்பதன் மதிப்பு குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும். முழுக் கட்டணத்தையும் வருத்தமின்றிச் செலுத்தக்கூடியவர் ஏறக்குறைய எதையும் இழப்பதில்லை. உதவித்தொகை பத்தாயிரம் டாலர் கூடினாலும் குறைந்தாலும் வாழ்வு மாறிவிடும் குடும்பம் மிகப் பெரியதொன்றை இழக்கிறது. போதிய உதவி கிடைக்காவிடில் விலகிக்கொள்ள ஒப்பந்தம் இடமளிக்கிறது என்பது உண்மை. ஆனால் வேறு கல்லூரியின் கடிதம் கையில் இல்லாமல், போதுமா போதாதா என்பதை எதனோடு ஒப்பிட்டு முடிவு செய்வது?

இரண்டாவதாக, 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாக, 2011 அக்டோபரிலிருந்து ஒவ்வொரு கல்லூரியும் தன் இணையத்தளத்தில் செலவுக் கணிப்பான் ஒன்றை வைத்தாக வேண்டும். குடும்பத்தின் வருமானத்தை இட்டால் உத்தேசமான நிகரச் செலவு தெரியும். 1991-இல் பறிபோன சமநிலையை இது மீட்டுத் தராது. ஆனால் விலையே தெரியாமல் கையொப்பமிடும் இருட்டைக் கொஞ்சம் அகற்றும். கட்டுள்ள விண்ணப்பத்தில் கையொப்பமிடும் முன் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து செய்ய வேண்டிய முதல் வேலை இது.

மூன்றாவதாக, இரு கல்லூரிகளுக்கிடையே மனம் ஊசலாடும் நிலை. பல குடும்பங்களில் கேள்வி இப்படித்தான் வருகிறது: மிகவும் விரும்பும், ஆனால் கிடைப்பது அரிதான கல்லூரிக்கு முன்விண்ணப்பம் செய்வதா? இரண்டாவதாக விரும்பும், முன்விண்ணப்பத்தால் கிடைக்கக்கூடிய கல்லூரிக்குச் செய்வதா? கேலும் ஷாப்லியும் சொன்ன ஆபத்து இதுவே. உண்மையான விருப்பத்தைச் சொல்பவர் தண்டிக்கப்படலாம். கணக்குப் பார்ப்பவர் பரிசு பெறலாம். இதற்குப் பொதுவிடை எதுவும் கிடையாது. வேறெந்தக் கடிதமும் வராமலேயே, அங்கே கேட்கும் தொகையைக் கொடுத்து, மகிழ்ச்சியோடு போய்ச் சேர்வேனா என்று மாணவர் தம்மைத்தாமே கேட்டுப் பார்க்கலாம். ஆம் எனில் கையொப்பமிடலாம். தயக்கம் எழுந்தால், கட்டற்ற முறையோ ஜனவரியின் பொது விண்ணப்பமோ மானக்கேடல்ல. அக்டோபரில் பதினேழு வயதில் ஒன்றையே தீர்மானமாக விரும்பாதிருப்பது ஒரு குறையே அன்று.

மாணவருக்கு முதல் விருப்பம் ஒன்று இருந்தே தீர வேண்டும் என்ற எண்ணம் இந்த வரலாற்றில் புதியது. 1901-இல் தேர்வெழுதிய 973 பேரிடமும் அதை யாரும் கேட்கவில்லை. வகுப்பறையில் எத்தனை நாற்காலிகள் நிறையும் என்று தெரியாமல் தவித்த நிர்வாகிகள் கண்டுபிடித்த சொல் அது. காலப்போக்கில் அது இளையோரின் அகராதியில் புகுந்து, காதலைப் போல் கண்டடைய வேண்டிய ஒன்றாக மாறிவிட்டது. அங்கே கிடைக்காதபோது அப்பிள்ளைகள் அடையும் துயரம் உண்மையானது. ஆனால் அத்துயரத்தின் வித்து அவர்களுடைய குறைபாட்டில் இல்லை. ஏதோ ஒரு சேர்க்கை அலுவலகத்தின் மகசூல் கணக்கில் இருக்கிறது. இதை அறிந்துகொள்வதால் ஒருவருக்கும் இடம் கிடைத்துவிடப் போவதில்லை. டிசம்பர் நடுவில் வரும் அந்தப் பதிலைத் தம் மதிப்பின் அளவாக எடுத்துக்கொள்ளாமலிருக்க உதவினால் அதுவே போதும்.